டஹாணு வார்லியும் ஆரே வார்லியும்: பழங்குடி அங்கீகாரம் எப்படி வேலை செய்கிறது?

தாராவித் தமிழர்களுக்குத் தனித்தொகுதி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்; வாக்களிப்பது எல்லோரும். நெல்லைக்காரர், பீகாரி, கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர், மராட்டியர் என்று அத்தனை பேரும் ஒரே வரிசையில் நின்று ஒரே இயந்திரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். மும்பையின் 36 சட்டமன்றத் தொகுதிகளில் இப்படிப்பட்டவை இரண்டு: தாராவி, குர்லா.

பழங்குடிகளுக்கு எத்தனை? ஆரே காலனியிலும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டியும் வார்லி, கோக்னா, மல்ஹார் கோலி, காத்கரி குடும்பங்கள் 'பாடா' எனப்படும் சிறு குடியிருப்புகளில் வாழ்கின்றன. மும்பைத் தமிழர்களான நாமெல்லாம் இந்த ஊருக்கு ரயிலேறி வந்தவர்கள். அவர்களைத் தேடி ஊர்தான் வந்தது. அவர்களுக்கென்று மும்பையில் ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆறு மக்களவைத் தொகுதிகளிலும் இல்லை. மாநகராட்சியின் 227 வார்டுகளில் இரண்டே இரண்டு உண்டு.

மேற்கு ரயில் பாதையில் விராரையும் தாண்டிப் போனால் டஹாணு வருகிறது. அங்கேயும் வார்லிகள்தான். அதே மாநிலம், அதே சமூகம், அரசுப் பட்டியலில் அதே பெயர். ஆனால் டஹாணு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அதை உள்ளடக்கிய பால்கர் மக்களவைத் தொகுதியும் அப்படியே. சுற்றியுள்ள கிராமங்களில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பழங்குடியினருக்கு மட்டுமே. ஒரே லோக்கல் ரயில் பாதையில் இருக்கும் இரண்டு வார்லிகளுக்கு இவ்வளவு வேறுபாடு ஏன் என்று புரிந்துகொண்டால், இந்தியாவில் பழங்குடி அங்கீகாரம் நடக்கும் விதம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் பட்டியல். அரசியல் சாசனத்தில் 'பட்டியல் பழங்குடி' என்பதற்கு விளக்கம் தேடினால் 366-ஆம் பிரிவின் 25-ஆம் உட்பிரிவு கிடைக்கும். 342-ஆம் பிரிவின்படி யார் பழங்குடியாகக் கருதப்படுகிறார்களோ அவர்களே பழங்குடி என்கிறது அது. சரி என்று 342-க்குப் போனால், எந்தெந்தச் சமூகங்கள் என்று குடியரசுத் தலைவர் மாநில வாரியாக அறிவிப்பார், அதன்பின் சேர்ப்பதும் நீக்குவதும் நாடாளுமன்றச் சட்டத்தால்தான் முடியும் என்று இருக்கிறது. எந்த அடிப்படையில் என்பதற்கு இரண்டு பிரிவிலும் ஒரு சொல் கிடையாது. முதல் பட்டியல் 1950-இல் வந்தது. அளவுகோல்கள் வந்தது 1965-இல், லோகூர் குழுவின் அறிக்கையில்: ஆதிகாலப் பண்புகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றும் கோப்புகள் இவற்றை வைத்தே நகர்கின்றன. படித்துப் பட்டம் பெற்று, கேமரா முன்னால் தெளிவாகப் பேசும் ஒரு பழங்குடிப் பெண்ணிடம் 'கூச்சம் எங்கே?' என்று கேட்கும் அளவுகோல் இது. இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சமூகம் பட்டியலுக்குள் வர மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்ப வேண்டும். பிறகு மத்திய அமைச்சரவை, அதற்கும் பிறகு நாடாளுமன்றம். இது எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு நம் நரிக்குறவர்களே சாட்சி. அவர்களைச் சேர்க்கலாம் என்று லோகூர் குழு சொன்னது 1965-இல். நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்க மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவில் இரண்டு தலைமுறைகள் ஊசிமணி விற்றுக்கொண்டே இருந்தன.

இந்தப் பட்டியல் நாடு முழுவதற்கும் பொதுவானதன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. சில நேரம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும்கூடத் தனி. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிகள் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் சேலம், தருமபுரி, பழைய ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று குறிப்பிட்ட மாவட்டங்களுக்குள் மட்டும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளிகள் அந்த வரியில் இல்லை; நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாநில எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி மும்பைக்காரர்களுக்கு நெருக்கமானது. அதற்கான தீர்ப்பே இந்த ஊரில் பிறந்த வழக்கில்தான் வந்தது. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அரசு நிறுவன வேலைக்காக மும்பைக்கு மாற்றலாகி வந்தார். மகன் இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, பரேலில் கே.இ.எம். மருத்துவமனையோடு இணைந்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டார். ஒதுக்கீடு மகாராஷ்டிரப் பழங்குடிகளுக்கு என்று பதில் வந்தது. 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது. 342-ஆம் பிரிவில் 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' என்று ஒரு தொடர் இருக்கிறது. ஓரிடத்தில் ஒரு சமூகம் பட்ட பாட்டை வைத்து அந்த இடத்தில் தரப்பட்ட தகுதி அது. ரேஷன் கார்டைப் போல வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு போக முடியாது என்பதுதான் சாரம்.

ஆகவே பாபநாசம் மலையிலிருந்து ஒரு காணிக்காரக் குடும்பம் செம்பூரில் குடியேறினால், மகாராஷ்டிர அரசு வேலைக்கும் கல்லூரிக்கும் அவர்கள் பொதுப்பிரிவு. மத்திய அரசு வேலைக்கு மட்டும் ஊர்ச் சான்றிதழ் செல்லும். இங்கேயே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சான்றிதழைக் காட்டி இங்குள்ள அதிகாரியிடமே சான்றிதழ் வாங்கலாம். அதில் தந்தையின் மாநிலம் குறிப்பிடப்பட்டிருக்கும், பயனும் அந்த மட்டுக்குத்தான்.

தேர்தலில் நிற்பதற்கு விதி இன்னும் வேடிக்கையானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன்படி, பழங்குடியினருக்கான மக்களவைத் தனித்தொகுதியில் எந்த மாநிலப் பட்டியலில் உள்ள பழங்குடியும் போட்டியிடலாம். அசாமின் சில பகுதிகளும் லட்சத்தீவும் இதற்கு விலக்கு. சட்டமன்றத் தனித்தொகுதிக்கோ அந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். செம்பூர் காணிக்காரர் பால்கர் தொகுதியில் நின்று டெல்லிக்குப் போகச் சட்டம் தடை சொல்லாது. டஹாணுவில் நின்று நரிமன் பாயின்ட் சட்டமன்றத்துக்குள் நுழைய முடியாது.

பட்டியலில் ஓர் எழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதை மும்பை 2024-இல் கண்ணெதிரே பார்த்தது. மகாராஷ்டிரப் பட்டியலில் 'ஓராவன், தங்கட்' என்று ஒரு பதிவு உண்டு. மேய்ச்சல் தொழில் செய்துவந்த தங்கர் சமூகத்தார், அது எங்கள் பெயரைத் தவறாக எழுதியதுதான், இறுதி எழுத்து மாறிவிட்டது, ஆகவே நாங்கள் ஏற்கெனவே பழங்குடிகள் என்று பல ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். இப்போது அவர்களுக்கு நாடோடிச் சமூகங்களுக்கான பிரிவில் மூன்றரை சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏற்கவும் முடியாது, பட்டியலை இருக்கிறபடியே படிக்க வேண்டும், நீதிமன்றம் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஹல்பா-கோஷ்டி என்ற சமூகத்தைப் பற்றிய வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கட்டிப்போட்டுவிட்டது.

ஆனால் தேர்தல் நெருங்கியபோது அரசு தங்கர் கோரிக்கைக்குச் செவிசாய்ப்பது போலத் தெரிந்தது. பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள் கொதித்தார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி, மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயாவின் மூன்றாவது மாடியிலிருந்து, கீழே கட்டியிருந்த பாதுகாப்பு வலையின்மேல் சிலர் குதித்தார்கள். அந்த வலையைக் கட்டியதே, தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு வரும் மக்கள் மனமுடைந்து உயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்காக. அன்று வலையில் விழுந்தவர்களில் ஒருவர் நரஹரி ஜிர்வால்: திண்டோரி தனித்தொகுதியின் உறுப்பினர், ஆளும் கூட்டணிக்காரர், சட்டமன்றத்தின் அப்போதைய துணை சபாநாயகர். பால்கர் மக்களவை உறுப்பினரும் உடன் இருந்தார். அவையை நடத்தும் நாற்காலியில் உட்காருபவர், தன் அரசின் காதில் விழுவதற்கு மாடியிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. இதைச் சிரித்துக் கடந்தவர்கள் நிறைய. எனக்கு அது தனித்தொகுதி என்ற ஏற்பாட்டின் மேல் எழுதப்பட்ட விமர்சனமாகவே தோன்றியது.

ஏன் என்று பார்க்க, அந்த ஏற்பாட்டைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மக்களவைக்கு 330-ஆம் பிரிவு, சட்டமன்றத்துக்கு 332. மக்கள்தொகையில் எத்தனை பங்கோ, இருக்கையிலும் ஏறத்தாழ அத்தனை பங்கு. 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் நாட்டில் 8.6 சதவீதம், இப்போது மக்களவையின் 543 இடங்களில் 47 அவர்களுக்கு. மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் 288-இல் 25. தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 சதவீதம் என்பதால் 234-இல் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் ஒன்றும் இல்லை. மாநிலங்களவையிலும் சட்ட மேலவையிலும் எவருக்கும் இட ஒதுக்கீடு கிடையாது.

எண்ணிக்கை அப்படி. எந்த இடம் என்பதற்கு வேறு விதி. தொகுதி மறுவரையறைச் சட்டம் பட்டியல் சாதித் தொகுதிகளை மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக அமைக்கச் சொல்கிறது. பழங்குடித் தொகுதிகளையோ, அவர்கள் விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கேயே அமைக்கச் சொல்கிறது. ஆரே வார்லி விடுபட்டது இங்கேதான். மும்பை மக்கள்தொகையில் பழங்குடியினர் ஏறக்குறைய ஒரு சதவீதம்; பால்கர், நந்துர்பார், கட்சிரோலி போன்ற மாவட்டங்கள் இருக்க, மும்பைக்கு முறை வரவே வராது. நம் நீலகிரியும் இதே விதியின் பிள்ளை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் மிக நலிந்த பழங்குடிகளாக மத்திய அரசு வகைப்படுத்திய ஆறு பேரும் வாழும் மலை அது. அந்த மக்களவைத் தொகுதி ஒதுக்கப்பட்டிருப்பது பட்டியல் சாதியினருக்கு. சட்டப்படி சரிதான். தோடர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

அடுத்தது, யார் வாக்களிப்பது. நியூசிலாந்தில் 1867 முதல் மாவோரி மக்களுக்குத் தனி இடங்கள் உண்டு. தொடக்கத்தில் நான்கு, இப்போது ஏழு. மாவோரி வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே அந்த இடங்களுக்கு வாக்களிக்கிறார்கள். அதாவது தனி வாக்காளர் தொகுதி. இந்தியாவில் ஒடுக்கப்பட்டோருக்காக அம்பேத்கர் கேட்டதும் அதுதான்; காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருக்க, 1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தத்தில் அது கைவிடப்பட்டுக் கூட்டுத் தொகுதி வந்தது. சுதந்திர இந்தியா பழங்குடிகளுக்கும் அதே வழியை வைத்தது. விளைவு, வேட்பாளர் பழங்குடியாக இருந்தாலும் அவரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமை, வெல்ல வைப்பது மொத்த வாக்காளர்கள். வென்றபின் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். தன் சமூகத்துக்காகப் பேசச் சென்றவர் வாக்கெடுப்பில் கட்சிக்காகக் கை தூக்குகிறார். ஜிர்வால் குதித்ததன் பொருள் அங்கே இருக்கிறது.

இதனால் தனித்தொகுதி வீண் என்று சொல்லவில்லை. 25 பேர் உள்ளே இருந்ததால்தான் அன்று அரசு யோசித்தது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்: பூர்வகுடிகளை அரசியல் சாசனத்தில் அங்கீகரித்து, நாடாளுமன்றத்துக்கு வெறும் ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பைத் தருவதற்கே 2023 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள், ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும் தோல்வி. நாம் 1950-இலேயே அதைத் தாண்டி வந்துவிட்டோம். அதே சமயம், ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு 2007-இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, எங்கள் நாட்டில் எல்லாரும் பூர்வகுடிகளே என்ற விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. 'ஆதிவாசி' என்ற சொல்லை சாசனத்தில் வைக்கச் சொல்லி, 1928 ஒலிம்பிக் ஹாக்கி அணியின் தலைவராக இருந்த ஜெய்பால் சிங் முண்டா அரசியல் நிர்ணய சபையில் போராடியும் நடக்கவில்லை. பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர முடியாது, அவர்களிடம் நீங்கள்தான் கற்க வேண்டும் என்று 1946 டிசம்பரில் அந்தச் சபையிலேயே சொன்னவர் அவர்.

கற்றுக்கொள்ளும் முயற்சி ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒன்று நடந்தது. சாசனத்தின் ஐந்தாவது அட்டவணை சில பகுதிகளைப் பட்டியல் பகுதிகளாகக் குறிக்கிறது. மகாராஷ்டிரம் உட்படப் பத்து மாநிலங்களில் அவை உண்டு. வடகிழக்கில் அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரமுக்கு ஆறாவது அட்டவணை, அங்கே தன்னாட்சி மாவட்டக் கவுன்சில்கள். அது தனிக் கதை. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு 1996-இல் நாடாளுமன்றம் ஒரு பஞ்சாயத்துச் சட்டம் கொண்டுவந்தது. பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் 'பெசா' என்பார்கள். பஞ்சாயத்து இடங்களில் குறைந்தது பாதி பழங்குடியினருக்கு, தலைவர் பதவிகள் முழுவதும் அவர்களுக்கு. இதைவிடப் பெரிது, கிராம சபைக்கு அது தந்த இடம். நிலம் கையகப்படுத்தும் முன் கலந்தாலோசிக்க வேண்டும். சிறு வனப்பொருள் கிராமத்துக்குச் சொந்தம். 2006 வன உரிமைச் சட்டம் இதற்கு இன்னும் பல் கொடுத்தது.

கட்சிரோலியில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு கிராமம் இருக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு என்பது அவர்களின் முழக்கம். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றார்கள். மூங்கிலை வெட்டி விற்கவும் உரிமை உண்டு என்று வனத்துறையோடு மல்லுக்கட்டி 2011-இல் வென்றார்கள். ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, டோங்ரியா கோந்த் மக்களின் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வென்றது தனித்தொகுதி உறுப்பினரின் பேச்சன்று. மரத்தடியில் உட்கார்ந்து ஊர் சொன்ன பதில்.

ஆரேக்கு இது எதுவும் பொருந்தாது. அது பட்டியல் பகுதியன்று, கிராமமும் அன்று, மாநகராட்சியின் ஒரு மூலை. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக இரவோடு இரவாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டபோது, தடுத்து நிறுத்தக் கூட்டுவதற்கு வார்லிகளிடம் ஒரு பெசா கிராம சபை இல்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் எழுதிய கடிதத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது பெரும்பாலான மரங்கள் விழுந்திருந்தன. டஹாணுவில் எல்லாம் இருக்கிறதே, அங்கே பாலாறும் தேனாறும் ஓடுகிறதா என்றால் அதுவும் இல்லை; வாத்வண் துறைமுகத்துக்கு உள்ளூர் மீனவர்களும் ஆதிவாசிகளும் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்தும் 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனாலும் டஹாணுவில் சட்டத்தைக் காட்டி வழக்காட ஒரு பிடி இருக்கிறது. தமிழ்நாட்டு மலைகளில் அந்தப் பிடியும் இல்லை, ஏனென்றால் அங்கே பட்டியல் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் துணை.

பலர் குழம்பும் ஒரு விஷயம் மீதமிருக்கிறது. 'இட ஒதுக்கீடு பத்து ஆண்டுக்குத்தானே' என்று லோக்கல் ரயிலில் அடிக்கடி காதில் விழும். பத்து ஆண்டுக் கெடு 334-ஆம் பிரிவில் இருக்கிறது. அது சட்டமன்ற, மக்களவை இடங்களுக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் நீட்டித்து, கடைசியாக 104-ஆம் திருத்தம் 2030 ஜனவரி வரை கொண்டுபோயிருக்கிறது. கல்விக்கும் வேலைக்கும் சாசனத்தில் எந்தக் கெடுவும் கிடையாது. இருக்கைகளின் எண்ணிக்கை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பையும் அதையொட்டிய மறுவரையறையையும் பொறுத்து மாறும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தமும் மறுவரையறைக்குப் பிறகே நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. வந்தால் பழங்குடித் தனித்தொகுதிகளிலும் மூன்றில் ஒன்று பழங்குடிப் பெண்களுக்கு.